டோரோ பள்ளத்தாக்கில் நாலு நாள்: வைன் தவிர என்ன இருக்கு? (அப்பா அம்மாவோட போறேன்)

ஈரோட்டான்

வணக்கம் மக்களே. மே மாசக் கடைசியில அப்பா அம்மாவை போர்ச்சுகல் கூட்டிட்டுப் போறேன். லிஸ்பன் மூணு நாள் முடிவாயிடுச்சு. அடுத்து போர்த்தோ வந்து, அங்கிருந்து டோரோ ஆத்துப் பள்ளத்தாக்குல நாலு நாள்.

சிக்கல் என்னன்னா எங்க வீட்ல யாரும் குடிக்கிறதில்ல. இணையத்துல எங்க தேடினாலும் திராட்சைத் தோட்டம், வைன் ருசி பாக்குறது, படகு சவாரி, இந்த மூணுதான் திரும்பத் திரும்ப வருது. அப்பாவுக்கு வயசு 68. பொதுப்பணித்துறையில முப்பது வருசம், அதுல பாதி அணைக்கட்டு வேலை. முழங்கால் வலி, படிக்கட்டு ஆகாது. ஆனா ஒரு பழைய பாலத்தையோ மதகையோ காட்டிட்டா மூணு மணி நேரம் அசையாம நிப்பார். அம்மா சுத்த சைவம். கோயில்னு ஒண்ணு இருந்தா போதும், எந்தச் சாமியா இருந்தாலும் கும்பிட்டுக்குவாங்க.

பழைய நினைவுச் சின்னங்கள், இயற்கை, ரெண்டும் வேணும். கார் எடுக்கலாமா, ரயிலா? போனவங்க சொல்லுங்க.

---

சும்மா_ஒருத்தன்

குடிக்காம டோரோவா? மதுரைக்குப் போய் மீனாட்சி கோயிலைப் பாக்காம வர்ற மாதிரி இருக்கே தல.

---

போர்த்தோவாசி

மேல இருக்கிறதைக் கண்டுக்காதீங்க. நான் ஆறு வருசமா போர்த்தோலதான் இருக்கேன், எனக்கும் குடிப் பழக்கம் இல்ல. வருசத்துக்கு நாலஞ்சு தடவை அந்தப் பள்ளத்தாக்குக்குப் போறேன்.

மொதல்ல ஒண்ணு. போர்த்தோல "ஒரே நாள்ல டோரோ"ன்னு டூர் விப்பாங்க, அதுல ஏறாதீங்க. எங்க மாமா குடும்பம் வந்தப்ப நானே அந்தத் தப்பைப் பண்ணினேன். எட்டு மணி நேரத்துல ரெண்டு வைன் கிடங்கு, ஒரு சாப்பாடு, ஒரு மணி நேரப் படகு. அத்தை கடைசி வரைக்கும் வேன்லயேதான் உக்காந்திருந்தாங்க.

ரயில்: போர்த்தோவில இருந்து பொசின்யு வரைக்கும் போகுது, மூணரை மணி நேரம் ஆகும். போகும்போது வலது பக்கம் உக்காருங்க. முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல வெறும் ஊருங்கதான், தூங்கலாம். அதுக்கப்புறம் தண்டவாளம் ஆத்தங்கரைக்கு இறங்கிடும். பல இடத்துல ஜன்னலுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு கருங்கல் விளிம்பு மட்டும்தான் இருக்கும். ஃபெர்ரடோசாங்கிற இடத்துல ரயில் ஆத்தைத் தாண்டி தென்கரைக்கு வந்துடும், அப்ப இடது பக்கம் மாறிக்கணும். இது தெரியாதவங்க கடைசி அரை மணி நேரம் பாறையை மட்டும் பாத்துக்கிட்டு வருவாங்க. முன்னாடி இந்தப் பாதை ஸ்பெயின் எல்லையில இருக்கிற பார்கா தால்வா வரைக்கும் போச்சு. 1988ல பொசின்யுவோட வெட்டிட்டாங்க.

நடுவுல பின்யாவ்னு ஒரு ஸ்டேஷன் வரும். சுவர் முழுக்க நீல ஓடு, மொத்தம் 24 ஓவியம், எல்லாம் டோரோவோட நிலக்காட்சியும் திராட்சை அறுவடையும். கூடை சுமக்குற ஆளுங்க, தொட்டியில திராட்சையை மிதிக்கிறவங்க, பாய் விரிச்ச ரபேலு படகு (வைன் ஏத்திட்டுப் போன பழைய மரப் படகு). உங்க அம்மாவுக்குப் பிடிக்கும், டிக்கெட்டும் கிடையாது.

இருந்தாலும் வயசானவங்களோட நாலு நாள்னா பாதி வழியில இருக்கிற ரெகுவா ஊர் வரைக்கும் ரயில், அதுக்கப்புறம் கார். ரெகுவாவுல இருந்து பின்யாவ் போற என்222 ரோடு தென்கரையை ஒட்டியே போகும், ஓட்ட சுகமா இருக்கும். பின்யாவ் தாண்டினதும் அதே ரோடு மலை ஏறி வளைய ஆரம்பிச்சுடும். அம்மாவுக்கு வாந்தி வரும்னா எலுமிச்சம்பழம் கையில வெச்சுக்கோங்க.

வைன் வேண்டாம்னாலும் அந்தச் சரிவுகளை மட்டும் விட்டுடாதீங்க. அது தோட்டம்னு சொல்றதை விட கட்டுமானம்னு சொல்லலாம். மலை முழுக்க ஸிஸ்ட் பாறை, தகடு தகடா உரியற கல். மண்ணே கிடையாது, பாறையைக் கடப்பாரையால உடைச்சு உடைச்சு மண்ணாக்கினாங்க. உடைச்ச கல்லையே சுண்ணாம்பு இல்லாம அடுக்கிச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னாடி அந்த மண்ணைப் போட்டு ரெண்டு வரிசை, மூணு வரிசை கொடி நட்டாங்க. மலை அடியில இருந்து உச்சி வரைக்கும் இப்படியே படிப்படியா. 1860கள்ல ஃபிலாக்ஸீராங்கிற பூச்சி வந்து வேரை அழிச்சப்ப நிறைய சுவரை அப்படியே கைவிட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கும் புதர் மண்டிக் கிடக்கு, அதுக்கு 'மோர்தோரியு'ன்னு பேரு. எனக்கு அந்தச் செத்த சுவருங்கதான் பிடிக்கும். 1756ல இந்த வைன் பகுதிக்கு எல்லை வகுத்து நட்ட கருங்கல் தூண்கள்ல சிலது இன்னும் நிக்குது, தேடிப் பாருங்க.

---

வசந்தி_பாரிஸ்

தம்பி, ரெகுவாவிலை நிண்டால் லமேகுவுக்குக் கட்டாயம் போங்கோ. காரிலை கொஞ்ச நேரம்தான். மலையிலை ரெமேதியுஸ் மாதா கோயில் இருக்கு. நோய் தீர்க்கிற மாதா எண்டு அந்தச் சனம் நம்புது. நாங்கள் போன வருசம் போனனாங்கள்.

ஊருக்கு நடுவிலை இருந்து கோயில் வாசல் வரைக்கும் 686 படி. ஒவ்வொரு தட்டிலையும் நீல ஓட்டுச் சித்திரம், நீரூற்று, கல்லிலை செய்த ராசாக்கள். கீழை நிண்டு பாக்க நல்ல வடிவு. ஆனா அப்பாவைப் படியிலை ஏத்திப் போடாதேங்கோ, கார் மரங்களுக்கு இடையாலை மேல் வாசல் வரைக்கும் போகும். நான் மட்டும் நேர்த்தி எண்டு ஏறினனான், இவர் காரிலை போய் மேலை நிண்டு சிரிச்சுக்கொண்டிருந்தவர். முழங்காலாலை ஏறுற ஆக்களையும் கண்டனான். செப்டெம்பர் 8இலை பெருநாள். அதுக்கு மாதாவின்ரை தேரை மாடுகள்தான் இழுக்கும்.

அம்மாவின்ரை சாப்பாட்டுக்கு: "செம் கார்னெ, செம் பெய்ஷெ" எண்டு சொல்லப் பழக்குங்கோ, இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் எண்டு அர்த்தம். கால்து வெர்து எண்டு கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் எல்லா இடமும் இருக்கும். கவனம், அதுக்குள்ளை ஒரு துண்டு பன்றிச் சொசேஜ் மிதக்கும். எடுத்துப் போட்டுத் தந்தால் சைவம் எண்டு அவையள் நினைக்கினம்.

---

ஈரோட்டான்

வசந்தி அக்கா, ரொம்ப நன்றி. அந்த சூப் விசயம் தெரியாமப் போயிருந்தா வீட்ல பெரிய ரகளை ஆயிருக்கும்.

போர்த்தோவாசி, அணை ஏதாவது பக்கத்துல இருக்கா? அப்பா தினம் போன் பண்ணி அதைத்தான் கேக்கறார்.

---

போர்த்தோவாசி

அணைக்கா பஞ்சம்! கடல்ல இருந்து மேல போனா க்ரெஸ்துமா, கர்ரபதேலு, ரெகுவா, வலேய்ரா, பொசின்யு, ஆக அஞ்சு. அஞ்சுலயும் படகு ஏத்தி இறக்குற அறை உண்டு. இப்ப நீங்க பாக்குற அந்த அமைதியான பச்சைத் தண்ணி டோரோவோட சொந்தக் குணம் கிடையாது, அணைங்க குடுத்தது. அதுக்கு முன்னாடி ஆளைக் கொல்ற ஆறு.

போர்த்தோவில இருந்து ரெகுவாவுக்குப் படகுல போங்க, ரயில்ல திரும்புங்க. வழியில கர்ரபதேலுவுல படகு ஒரு காங்கிரீட் தொட்டிக்குள்ள நுழையும், பின்னாடி கதவு மூடும், தண்ணி ஏற ஏற படகும் சுவரோடவே ஏறும். 35 மீட்டர்! பதினோரு மாடி உயரம். உங்க அப்பாவை டெக் மேல நிக்க வெச்சுட்டு நீங்க டீ குடிக்கப் போயிடலாம்.

வலேய்ரா கதையையும் சொல்லி வைங்க. அங்க ஒரு பெரிய பாறைக் கணவாய், 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாறையை உடைச்சு வழி பண்ணின பிறகும் படகுங்க கவுந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 1861ல ஃபொரெஸ்டர்னு ஒரு பிரிட்டிஷ் வைன் வியாபாரி, இந்த ஆத்துக்கே வரைபடம் போட்ட மனுசன், அங்க முழுகிச் செத்தார். இடுப்புல கட்டியிருந்த காசுப் பை இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்வாங்க. அதே படகுல இருந்த தோனா அந்தோனியா ஃபெரெய்ரா பிழைச்சுட்டாங்க. அந்தக் காலத்துப் பெரிய பாவாடை குடை மாதிரி விரிஞ்சு மிதக்க விட்டுச்சாம். நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். இப்ப அந்த இடமே அணைத் தண்ணிக்கு அடியில போயிடுச்சு. மேல சாவ் சல்வடோர் டு முண்டுங்கிற மலைக் கோயில்ல நின்னா ஆழம் தெரியும்.

---

சும்மா_ஒருத்தன்

பாவாடையில மிதந்தாங்களாம். சரி சரி.

ஒரு விசயம் சீரியஸா சொல்றேன், நானும் போயிருக்கேன். கிடங்குல கைடு "பீப்பா, பீப்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். என்னடா நம்மூர் வார்த்தையாச்சேன்னு கேட்டா, 550 லிட்டர் மர உருளைக்கு அவங்க பேரே 'பீப்பா'தானாம். நம்ம பீப்பாய் அங்கிருந்து வந்தது! சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாமே அவங்க குடுத்துட்டுப் போனதுதான். ஓட்டல்ல சாவி கேட்டு வாங்கினேன், 'ஷாவ்'னாலே குடுத்துட்டாங்க.

---

கல்லும்கதையும்

எல்லாரும் ரெகுவா, பின்யாவ்னே சுத்தறீங்களே. ஒரு நாளை வரோசா ஓடைக்கும், ஒண்ணரை நாளைக் கோஆ ஆத்துக்கும் ஒதுக்குங்க.

வரோசா, டோரோவில கலக்கிற சின்ன ஆறு, லமேகுவுக்குப் பக்கத்துல. அதுல உகான்யாங்கிற ஊர்ல ஒரு பாலம் இருக்கு. பாலத்துத் தலைமாட்டுல 1465ல கட்டின சதுரக் கோபுரம். கோபுரத்துக்கு அடியில நுழையாம பாலத்துல கால் வைக்க முடியாது. சல்செடாஸ் மடத்துச் சாமியாருங்க அங்க உக்காந்து சுங்கம் வசூல் பண்ணினாங்க. டோல்கேட்டுக்கு ஐநூத்தம்பது வயசு! படி கிடையாது, அப்பாவுக்கு ரொம்பப் பொருத்தம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்துல சாவ் ஜொவாவ் டெ தரோக்கா. 12ஆம் நூற்றாண்டு, போர்ச்சுகல்ல சிஸ்டெர்சியன்ங்கிற கத்தோலிக்கத் துறவிகளோட முதல் மடம். 1834ல மடங்களை எல்லாம் அரசாங்கம் கலைச்சப்புறம் குடியிருப்புப் பகுதியைக் கல் குவாரி மாதிரி பிரிச்சு வித்துட்டாங்க. தேவாலயம் மட்டும் முழுசா நிக்குது. உள்ள பார்செலுஸ் கோமகன் பேத்ருவோட கல் சவப்பெட்டி இருக்கு, பக்கவாட்டுல காட்டுப்பன்றி வேட்டை. நாய் பன்றியோட காதைக் கவ்வற இடத்தைக் குனிஞ்சு பாருங்க.

கோஆ பத்தித் தனியா எழுதறேன், சமையல் பாதியில நிக்குது.

---

கல்லும்கதையும்

வந்துட்டேன்.

கோஆ தெற்கே இருந்து வடக்கே ஓடி ஃபோஷ் கோஆ ஊர்கிட்ட டோரோவில சேருது. (இந்தியாவுல இருக்கிற கோவா இல்ல. பேரைக் கேட்டுட்டு என் தங்கச்சி "பீச் எப்படி?"ன்னு கேட்டா.) 1990களோட தொடக்கத்துல அங்க ஒரு பெரிய அணை கட்ட ஆரம்பிச்சாங்க. அப்பதான் கரையோரப் பாறையில பழைய கற்கால மனுசன் செதுக்கின குதிரை, காட்டு மாடு, மலையாடு, மான் எல்லாம் இருக்கிறது வெளிய தெரிஞ்சுது. நவம்பர் 1994ல செய்தி வந்ததும் நாடே ரெண்டாச்சு. பள்ளிப் பிள்ளைங்க தெருவுல இறங்கினாங்க. "சித்திரங்களுக்கு நீச்சல் தெரியாது"ங்கிறதுதான் அவங்க கோஷம். 1995 தேர்தல்ல ஜெயிச்சு வந்த அன்தோனியு குத்தேரஸ் அரசாங்கம் அணை வேலையை நிறுத்திடுச்சு. ஆமா, பின்னாடி ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனாரே, அவரேதான். 1998ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு.

குகைக்குள்ள இல்ல, திறந்த வெளியில, வெயில்லயும் மழையிலயும் இருபதாயிரம் வருசத்துக்கும் மேல இருக்கு. அதுதான் விசேஷம். 2020ல ஃபரிசேவுங்கிற இடத்துல மண்ணைத் தோண்டினப்ப மூணரை மீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டு மாடு கிடைச்சுது.

சொந்தமா போக முடியாது. ஃபோஷ் கோஆ மியூசியம் மூலமா முன்பதிவு பண்ணணும், ஒரு ஜீப்புக்கு எட்டுப் பேர், கைடோட. சித்திரம் இருக்கிற இடங்கள்ல உங்க அப்பாவுக்கு பெனஸ்கோசாதான் சரி. கஸ்தேலு மெல்யோர் ஊர்ல இருந்து ஜீப் கிளம்பி பாறைக்குக் கிட்டயே விட்டுடும். சாயங்கால வெயில் சாய்வா விழும்போதுதான் கோடு தெரியும், அதனால பிற்பகல். கனாடா டு இன்ஃபெர்னுவுக்குக் காலையில போகணும், அங்க இறக்கத்துல நடை கொஞ்சம் உண்டு.

---

ஒண்டிப்புலி

கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நாலு கோட்டோவியத்துக்காக ஒரு அணையையே நிறுத்தினது சரியா? அவ்வளவு செலவு பண்ணின பிறகு? அந்த மின்சாரம் வேற எங்கிருந்து வந்துச்சு?

---

கல்லும்கதையும்

நியாயமான கேள்விதான், ஒளிக்கலை. கோஆவுக்குப் பதிலா பக்கத்துல சாபோர் ஆத்துல அணை கட்டினாங்க. அந்த ஆறும் காட்டு ஆறுதான், சூழலியல்காரங்க வருசக் கணக்கா எதிர்த்தும் நிக்கலை. துவா ஆத்து முகத்துலயும் இன்னொரு அணை வந்துச்சு. 1887ல திறந்த ஒரு அழகான மலை ரயில் பாதையோட கீழ்ப்பகுதி அதுல முழுகிப் போச்சு. கோஆ தப்பிச்சுது, மத்ததுங்க மாட்டிக்கிச்சு. அதனால இதை வெற்றிக் கதையா மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொண்ணு. பொசின்யு அணைத் தண்ணி கோஆவுக்குள்ளயும் பின்வாங்கி ஏறினதால, கனாடா டு இன்ஃபெர்னுவுல கீழ் வரிசைச் சித்திரங்க ஏற்கெனவே தண்ணிக்குள்ளதான் இருக்கு. நாம பாக்கறது மேல மிச்சம் இருக்கிறதை.

ஆனா "நாலு கோட்டோவியம்"னு சொல்லாதீங்க. போய்ப் பாருங்க.

---

பாறுநேசன்

இயற்கைன்னு கேட்டீங்க, யாரும் பறவை பத்திச் சொல்லலியே.

ஆறு ஸ்பெயின் எல்லையா ஓடுற மேல்பகுதி, சர்வதேச டோரோ இயற்கைப் பூங்கா, 1998ல அறிவிச்சாங்க. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். ஃபோஷ் கோஆவுல இருந்து கிழக்கே காரை விட்டு பெனேது டுராவ் போங்க. காட்சி மேடை வரைக்கும் வண்டி போகும், அப்பா நடக்க வேண்டாம். பாறுங்க (பிணந்தின்னிக் கழுகுங்க) நமக்குக் கீழ பறக்கும். முதுகைப் பாத்திருக்கீங்களா, பறக்கிற பாறோட முதுகை? அதைப் பாக்கலாம்.

அந்தப் பூங்காவோட சின்னம் மஞ்சமுகப் பாறு. திருக்கழுக்குன்றத்துல தினம் உச்சி வேளைக்குப் பண்டாரம் சோறு வைக்க வந்து தின்னுட்டுப் போச்சே, சாட்சாத் அதே இனம். 1990களோட அங்க வர்றது நின்னு போச்சு. எங்க தாத்தா தோள்ல உக்காந்து நான் பாத்திருக்கேன். மறுபடி பாத்தது பெனேது டுராவுலதான். வெள்ளை உடம்பு, மஞ்ச மூஞ்சி, ஆப்பு மாதிரி வால். மார்ச்ல ஆப்பிரிக்காவுல இருந்து வந்து கோடை முடியும்போது போயிடும், அதனால மே சரியான நேரம். அம்மாகிட்ட "கழுகு தரிசனம்"னு சொல்லுங்க, காலைல அஞ்சு மணிக்கே கிளம்பிடுவாங்க.

இன்னும் வடக்கே மிரண்டா டு டோரோ வரைக்கும் போனா பாறைச் சுவருக்கு நடுவுல படகு உண்டு. ஆனா நாலு நாள்ல இழுக்காதீங்க.

---

நெறியாளர்

அணை விவாதம் நீளும்னா தனி இழை திறங்க. இங்க பயணம் மட்டும்.

---

ஈரோட்டான்

*(மூணு வாரம் கழிச்சு)*

போயிட்டு வந்தாச்சு. எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல் நாள் படகு. கர்ரபதேலுவுல அப்பா டெக்ல நின்னவர், தண்ணி ஏற ஆரம்பிச்சதும் வாட்சைக் கழட்டி கையில வெச்சுக்கிட்டார். எத்தனை நிமிசத்துல நிரம்புதுன்னு கணக்கு. அம்மா "ஈரச் சுவரு, தொடாதீங்க"ன்னு கத்தறாங்க, அவர் காதுலயே வாங்கலை.

ரெண்டாம் நாள் லமேகு, உகான்யா. மாதா கோயில்ல அம்மா மெழுகுவர்த்தி ஏத்தி அரை மணி நேரம் உக்காந்தாங்க. உகான்யா பாலத்துக்கு அடியில போய் அப்பா கமானோட கல்லை விரலால தட்டித் தட்டிப் பாத்தார். "சுங்கம் வாங்கற இடத்தைப் பாலத்து மேல வெச்சானுங்க பாரு, ஒருத்தன் தப்பிக்க முடியாது"ன்னார். தரோக்காவுல சவப்பெட்டியைச் சுத்தி வந்தோம். நாய், பன்றி, காது, எல்லாம் கண்டுபிடிச்சாச்சு.

மூணாம் நாள் பின்யாவ் வழியா ஃபோஷ் கோஆ. எலுமிச்சம்பழம் ரெண்டு காலி. அம்மா சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, சீஸ், ஆரஞ்சு, வறுத்த பாதாம். புளிக்காய்ச்சல் கொண்டு போனதால பிழைச்சோம்.

பெனஸ்கோசா பத்திச் சொல்லணும். அஞ்சு மணி வெயில். கைடு ஒரு பாறையைக் காட்டறாங்க, எனக்கு வெறும் பாறைதான் தெரியுது. ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிச்சு வெளிச்சத்தைச் சாய்ச்சதும் ஒரு கோடு எழுந்து வருது. முதுகு, அப்புறம் வயிறு. ஒரே குதிரைக்கு மூணு தலை! ஒண்ணு நிமிர்ந்து, ஒண்ணு பாதி, ஒண்ணு குனிஞ்சு. தலையைத் திருப்பறதை வரைஞ்சிருக்கான். அம்மா "சினிமா மாதிரி"ன்னாங்க. கைடு சிரிச்சுட்டு, எல்லாரும் அதையேதான் சொல்வாங்கன்னு சொன்னாங்க. அப்பா மட்டும் ஒண்ணும் பேசலை.

மறுநாள் காலையில அவங்க ரெண்டு பேரையும் மியூசியத்துல விட்டுட்டு நான் மட்டும் கனாடா டு இன்ஃபெர்னு போனேன். கைவிட்ட அணை வேலை பக்கத்துலதான். மலையை வெட்டின தழும்பு நல்லாவே தெரியுது, நாலஞ்சு போட்டோ எடுத்தேன். திரும்பி வந்தா அப்பா மியூசியத்து மொட்டை மாடியில, ரெண்டு ஆறும் சேர்ற இடத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார். போட்டோவைக் காட்டினேன். விரலால பெருசாக்கி, "இது அபட்மென்ட்டுக்கு வெட்டினது. நல்லா வெட்டியிருக்கான். நல்ல பாறை"ன்னார். (அபட்மென்ட்னா அணையோட முனை மலையில வந்து முட்டுற இடம்.) கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்க ஒரு தடவை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அய்யனார் கோயிலைப் பேத்தோம். கல்லுல எழுத்து இருந்துச்சு. யாரும் படிக்கலை"ன்னார். இத்தனை வருசத்துல இதை வீட்ல சொன்னதே இல்ல. அம்மா அவர் மூஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஒண்டிப்புலி அண்ணா, உங்க கேள்வியை அவர்கிட்ட கேட்டேன். பதில் சொல்லலை, தண்ணி வேணும்னார்.

பெனேது டுராவுல சாதாப் பாறு முப்பதுக்கு மேல. மஞ்சமுகம் ஒண்ணே ஒண்ணு, தூரத்துல. அம்மா கைகூப்பிட்டாங்க. பாறுநேசன், அது உங்க தாத்தா கணக்குல.

ஒரு உதவி. முழுகிப் போன சித்திரங்க பத்திச் சொன்னப்ப, பொசின்யு அணையோட முழுக் கொள்ளளவு நீர்மட்டம் கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்னு அப்பா கைடுகிட்ட கேட்கச் சொன்னார். அந்தப் பொண்ணுக்குத் தெரியலை. ஊருக்கு வந்தும் தினம் காலையில போன்ல இதையேதான் கேக்கறார். யாருக்காவது தெரியுமா?